உங்கப்பாகிட்ட சொல்லு

"புரியலைன்னு யார் சொன்னது, நேத்துகூட நான் குடிங்கன்னேன்—"

"நீ டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனேம்மா, அப்படிக் கொண்டுபோனா யாரா இருந்தாலும்—"

"—குடிச்சாரு. சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாரு. அதுக்குப் பேர் என்ன?"

"தாகம்."

கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். முப்பது தாண்டியும் வீட்டில் பாப்பாவாகவே இருக்கிற மகள், கட்டிலில் குவிந்திருந்த துணியை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் குரலில் இல்லை, உதறலில் இருந்தது. யாரைப் பற்றி இந்த வழக்கு நடக்கிறதோ அவர் சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. கண் மட்டும் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த நடுக்கதவைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் பார்வையைத்தான் பாப்பா எடுத்துக்காட்டினாள். நீ இந்தப் பக்கம் நின்று கத்துகிறாய், அவர் அந்தப் பக்கம் பார்க்கிறார், இதிலிருந்தே தெரியவில்லையா என்றாள்.

கீழே சலவைக்கடை, மேலே வீடு. கடையில் முன்பக்கம் மேசை போட்டுத் துணி வாங்குவது, அடையாள நூல் தைப்பது, கொடுப்பது எல்லாம் அவள். திரைக்குப் பின்னால் நின்று இஸ்திரி போடுவது அவர். வருகிறவர்களுக்கு அவள் கடைக்காரம்மா, அவர் 'உள்ளே இருக்கிறவர்'. அவர் அவளுடைய கணவர் என்பது வாடிக்கையாளர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. சம்பள ஆள் என்று நினைத்து, உள்ளே இருப்பவர் நல்ல வேலைக்காரர், விட்டுவிடாதீர்கள் என்று அவளிடமே சிபாரிசு செய்தவர்களும் உண்டு.

போன மாதம் ஒரு காலையில் திரைக்குப் பின்னாலிருந்து தீய்ந்த வாடை வந்தது. இத்தனை வருஷத்தில் வராத வாடை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர் தரையில் கிடந்தார். பக்கவாதம் என்றார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவரிடம் 'ம்' என்ற ஒரே ஓசைதான் மிச்சம் இருந்தது. இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்டன. யார் சொன்னபடி என்பதுதான் இப்போது வழக்கு.

பாப்பாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு ஊர்க் கோடியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பேசி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

"எப்படிப் பாத்துப்பே? அடுப்புப் பக்கம் போகாதீங்கன்னா போகாம இருக்கணும். படியில இறங்காதீங்கன்னா நிக்கணும். சொன்னது புரியாத ஒருத்தரை நீ ஒத்தை ஆளா வெச்சுக்க முடியாதும்மா. நாளைக்குப் பேச்சு டீச்சர் வராங்க. அவங்க சொல்றதுதான் முடிவு. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல."

பேச்சு டீச்சர் என்று அந்த வீடு பெயர் வைத்திருந்தது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு. மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை வந்தபோது ஒரு பையிலிருந்து படங்களை எடுத்து அவர் முன்னால் பரப்பினாள். சீப்பு, குடை, கரண்டி, தலையணை. 'இவற்றில் சீப்பு எது, காட்டுங்கள்' என்று செய்தி வாசிக்கிற சுத்தத்தோடு கேட்டாள். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. இந்த வீட்டில் 'இவற்றில்' என்று ஒருத்தரும் பேசினதில்லை, அவருக்கு எப்படிப் புரியும் என்று கடைக்காரம்மா நடுவில் புகுந்தாள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. சீப்பு எங்கே இருக்கு சொல்லுங்க என்று இறங்கி வந்து கேட்டாள். அதற்கும் அசைவில்லை. பாப்பா கையால் சாடை காட்டினால் அவர் செய்தார். கையைக் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால் இல்லை. கையைப் பார்த்துச் செய்வது வேறு, சொல்லைக் கேட்டுச் செய்வது வேறு என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்ல நீங்க எப்படிப் பேசிப் பழக்கமோ, அதே பேச்சை அதே குரல்ல பேசிப் பாருங்க. அடிபட்ட மூளைக்குப் புதுப் பேச்சு சீக்கிரம் பிடிபடாது. ஆயிரம் தடவை கேட்டதுதான் முதல்ல உள்ள போகும். நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிப்பீங்க?"

"எல்லார் வீட்டையும் போலத்தான்," என்றாள் கடைக்காரம்மா.

பாப்பா தலையைக் குனிந்து, பரப்பிக் கிடந்த படங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. இதை வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது.

அது ஆரம்பித்தது ஒரு தொலைபேசி மணியில். கடைக்கு வந்த அழைப்பை அவர் எடுத்தார். அவளுடைய அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே அனுப்புங்கள் என்று தகவல். அன்றைக்கென்று ஒரு விடுதியின் மேசைவிரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை முடித்துவிட்டுச் சொல்வோம், இரண்டு பேருமாகப் போய்விடுவோம் என்று அவர் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார். முன்மேசையில் அவள் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு நூல் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்துட்டாளா வந்துட்டாளா என்று மதியம் வரைக்கும் கேட்டாராம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாத வாயோடு எனக்கு என்ன பேச்சு என்று அவள் அன்று முடிவு கட்டினாள். அவரும் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். ஆனால் ஒரே வீடு, ஒரே கடை, ஒரே சோற்றுப்பானை. பேசாமல் எப்படி ஓடும். அப்போது எட்டு வயதாயிருந்த பாப்பா நடுவில் வந்து நின்றாள். பாப்பா, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, நீலச் சட்டை சாயங்காலம் வேணுமாம். பாப்பா, உங்கம்மாகிட்ட கேளு, நூல் தீர்ந்துடுச்சான்னு.

சொல்லுவது என்று பேர். பாப்பா நடுக்கதவில் வந்து நின்றால் போதும், அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து கை கழுவப் போயிருப்பார். நான் தூது போற ஆள் இல்லை, முட்டுக் கொடுத்த தூண் என்று பாப்பா ஒரு காலத்தில் சொல்லிச் சிரித்தது உண்டு. பிறகு சிரிப்பை விட்டாள். அவரும் மகளிடம் அதிகம் பேசுகிறவரில்லை. சாவி என்றால் சாவி, டீ என்றால் டீ. அந்த வீட்டில் அவர் காதில் வாக்கியமாக விழுந்ததெல்லாம் பெண்டாட்டி மகளுக்குச் சொன்னதுதான்.

மருத்துவமனையில் அவரைப் படுக்கையில் பார்த்த நிமிஷம் கடைக்காரம்மாவின் வைராக்கியம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. என்னங்க என்று கூப்பிட்டாள். அந்தச் சொல் அவள் வாயிலேயே இடம் தெரியாமல் தடுமாறியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, அறைக் கதவைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் அவரிடம் நேராகத்தான் பேசினாள், இருபத்தாறு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து. எழுந்திருங்க, கையைத் தூக்குங்க, இங்க பாருங்க, கோபமா, நான்தாங்க. ஒவ்வொன்றுக்கும் அவர் கதவையே பார்த்தார்.

டீச்சர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், அந்தத் 'தாகம்' சண்டை முடிந்த கையோடு கடைக்காரம்மா சமையலறைக்குப் போனாள். பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தம் போட்டு வைத்தாள். மகள் மேல் கோபம். அந்தக் கோபத்தில், புதிதாகப் பழகிக்கொண்டிருந்த நேர்ப்பேச்சு மறந்துபோய்ப் பழைய பேச்சு தானாக வந்தது.

"பாப்பா, உங்கப்பாவைக் கையைக் கழுவிட்டுச் சாப்பிட வரச் சொல்லு. ஆறுது."

பாப்பா ஒரு போர்வையை உதறினாள். நாற்காலி கிரீச்சிட்டது.

கடைக்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பாப்பா பாதி மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் கையைக் காட்டவில்லை. யாரும் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

குழாயைத் திறந்து இடது கையால் வலது கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினார். மூடினார். வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சொல்லும்மா," என்றாள் பாப்பா, கிசுகிசுப்பாக.

உங்கப்பாவைக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு என்றாள். கழற்றினார். சன்னலைச் சாத்தச் சொல்லு என்றாள். சாத்தினார். அந்தத் துண்டை எடுத்து உன்கிட்ட குடுக்கச் சொல்லு என்றாள். கொடுத்தார். பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தாயும் மகளும் பரிசு விழுந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் வியாதி இல்லை, சண்டை இல்லை. கடைக்காரம்மாவுக்கு ஆசை பெருகிவிட்டது. அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, முகத்தைப் பார்த்து, வாய் நிறையச் சொன்னாள்.

"கண்ணாடியைப் போட்டுக்குங்க."

அவர் நடுக்கதவைப் பார்த்தார்.

"என்னங்க, கண்ணாடி. போட்டுக்குங்க."

கதவையே பார்த்தார். ரொம்பப் பொறுமையாக, வர வேண்டிய ஆள் வந்து நின்றதும் செய்யலாம் என்பதுபோல.

"அம்மா," என்றாள் பாப்பா. "அவர் எங்கியோ பாக்கல. அங்க என்னைப் பாக்கறாரு."

கடைக்காரம்மா கரண்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோறு நிஜமாகவே ஆறிப்போயிற்று.

மறுநாள் டீச்சர் வந்ததும், போன தடவை தான் சொன்னது பொய் என்று கடைக்காரம்மாவே ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டாள். செய்து காட்டச் சொன்னாள். வெளி ஆள் முன்னால், புருஷனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாப்பா, உங்கப்பாவைச் சீப்பை எடுக்கச் சொல்லு என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நான்கு படங்களில் சீப்பை எடுத்தார். குடையை எடுத்தார். கரண்டியை எடுத்தார். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குத் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. ஜெயித்துக்கொண்டே தோற்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

டீச்சர் நல்ல மாதிரி. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சொல் அவருக்குப் புரிகிறது என்று தெளிவாகச் சொன்னாள். தினமும் நடந்து நடந்து தேய்ந்த வழி ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் பேச்சு தட்டாமல் போய்ச் சேர்கிறது, மற்ற வழியெல்லாம் புல் மண்டிக் கிடக்கிறது என்றாள். அப்படியானால் நேராகப் பேசினால் என்றைக்குமே புரியாதா என்று கடைக்காரம்மா கேட்டாள்.

"பேசிக்கிட்டே இருங்க. பழக்கம் வரலாம். நாளாகும்." பையை மூடிக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னாள்: "வராமலும் போகலாம். அதையும் நான் சொல்லணும்."

பாப்பா இல்லத்துக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னாள். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் அவள் பெட்டி கட்டவில்லை. அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைக்காரம்மாதான் போய்ப் பெட்டியை இழுத்துக் கட்டிலில் போட்டாள். இஸ்திரி போட்ட புடவைகளை அடுக்கினாள். கடையில் மிச்சமிருந்த அவருடைய மடிப்பு அது. இனிமேல் அப்படி ஒரு மடிப்பு விழாது.

"நான் போயிட்டா எப்படிம்மா?"

"நான் பேசிக்கறேன்."

"யார்கிட்ட?"

கடைக்காரம்மா புடவையின் ஓரத்தை நீவினாள். 

பாப்பா கட்டிலில் உட்கார்ந்தாள். முன்னேயும் இரண்டு தடவை மாற்றல் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் கடைக்காரம்மா. மகளுக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை.

"தெரியும்னா ஏம்மா ஏன்னு கேக்கல? அவரும் கேக்கல. நான் இந்தக் கதவை விட்டு நகர்ந்தா உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே நின்னுடும்னு பயந்தேன். பெரிய காரியம் பண்றதா நினைப்பு எனக்கு. இப்பத் தோணுது, அப்பவே போயிருக்கணும். நான் இல்லாமப் போயிருந்தா ஒரு வாரம் முறைச்சுட்டு இருந்திருப்பீங்க. அப்புறம் உப்பு எங்கன்னாவது கேட்டிருப்பீங்க."

அப்படித்தான் ஆகியிருக்கும் என்று கடைக்காரம்மாவுக்கும் பட்டது. அவர்தான் முதலில் கேட்டிருப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே உப்பு இருக்கிற இடத்தைச் சொல்லியிருப்பாள். அடுத்த வாரம் முகத்தைத் திருப்பாமல். ஒரு உப்பில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஒரு பெண்ணின் வயசைக் கொடுத்திருக்கிறாள்.

"போயிட்டு வா," என்றாள். "கதவை நான் பாத்துக்கறேன்."

பாப்பா அப்பாவின் தோளைத் தொட்டாள். ஊருக்குப் போகிறேன் என்று சாடை காட்டினாள். அவர் 'ம்' என்றார். படியில் பெட்டி இடித்து இடித்து இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கடைப் பக்கத்து இரும்புக் கதவு. பிறகு தெரு.

மத்தியானம் சமையல் ஆயிற்று. கடைக்காரம்மா தட்டு வைத்தாள். முதலில் நேராகத்தான் கூப்பிட்டாள். சாப்பிட வாங்க. மறுபடியும், கொஞ்சம் உரக்க. அவர் நடுக்கதவைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். மனுஷன் பசியோடு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார். அவள் அடுப்படிக்குப் போய் நின்று, ஆளில்லாத கதவைப் பார்த்து, பாப்பா, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்றாள்.

நாற்காலி கிரீச்சிட்டது.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அதே நேரத்தில் அந்தக் குளிர்ச்சி பிடிக்கவும் இல்லை. இப்படியே ஓட்டிவிடலாம். பாப்பா இந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை, அவள் பெயர் இருந்தால் போதும். மருந்து சாப்பிடச் சொல்லு, படுக்கச் சொல்லு. இத்தனை நாளாக நெஞ்சில் கிடப்பதையும் இந்த வழியிலேயே அனுப்பிவிடலாம். பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தக் கோபம் எனக்கு எப்பவோ போயிடுச்சுன்னு. விட்டுடணும்னு நினைச்சேன், எப்படி விடறதுன்னுதான் தெரியலைன்னு. ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேரும். அவருக்குப் புரியும். ஆனால் அதையும் சொன்னது பாப்பாவாகத்தான் இருக்கும்.

அவர் சாப்பிட்டு முடித்தார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், பருக்கை அதிகம் சிந்தவில்லை. அவள் தட்டை எடுத்தாள். ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு போய் நடுக்கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை அந்த வீட்டில் சாத்தியதே இல்லை. கீல் இறுகிப்போய் வர மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் எப்போதும் பார்க்கிற அந்த இடத்திலேயே, அவர் பார்வை விழுகிற உயரத்திலேயே உட்கார்ந்தாள்.

அவர் பார்த்தார். அவளையா, அவளுக்குப் பின்னால் கதவையா, தெரியவில்லை.

"பாப்பா ஊருக்குப் போயிட்டா. நான்தான் பேசறேன். உங்ககிட்டதான்."